விடுபட்ட எண் விடுபட்டே இருக்கட்டும்!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறி அறிவியல் மாணவன்)

நாள்தோறும் காலையில் எங்கள் வகுப்பில் ஒரு சின்னஞ்சிறு மௌனம் நிகழ்கிறது. ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து, "பதினாறு, பதினேழு, பதினெட்டு" என்று அழைத்துக்கொண்டே வருவார். பதினெட்டுக்குப் பிறகு அரை நொடி நிற்பார். பிறகு "இருபது" என்பார். பத்தொன்பது எங்கே? அந்த எண்ணுக்கு உரியவன் முதலாண்டு முடியும் முன்னரே குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விட்டான். அவன் பெயரின்மீது சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது. ஆனால் இருபதாம் எண்காரன் பத்தொன்பது ஆகவில்லை. இருபத்தொன்று இருபது ஆகவில்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

"பல் விழுந்த இடம்போல இருக்கிறதே, சரிசெய்துவிடக் கூடாதா?" என்று ஒருநாள் நண்பன் ஒருவன் கேட்டான். கூடாது என்பதே என் கருத்து. ஏன் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. நான் படிப்பது கணிப்பொறி அறிவியல். ஆகவே கணிப்பொறியிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் இலக்கியமும் வரலாறும் வணிகவியலும் பயிலும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் வீட்டுக் கதையுந்தான்!

திறவுகோல் என்பது யாது?

ஒரு தரவுத்தளத்தில் செய்திகளெல்லாம் அட்டவணைகளாக அடுக்கி வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு வரிசையையும் மற்ற வரிசைகளிலிருந்து பிரித்துக் காட்ட ஓர் அடையாளம் தேவை. பெயரை வைத்துக் காட்ட முடியுமா? ஒரே ஊரில் எத்தனை செல்வராசுகள், எத்தனை செல்விகள்! எனவே ஒவ்வொரு வரிசைக்கும் வேறெதற்கும் வாராத ஓர் எண்ணைக் கொடுக்கிறோம். இதற்கு 'பிரைமரி கீ' என்று பெயர். தமிழில் முதன்மைத் திறவுகோல் எனலாம். 1970ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்த எட்கர் காட் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இன்றைய தரவுத்தளங்களுக்கெல்லாம் அடித்தளம் இட்டது. அதிலேயே இந்தத் திறவுகோல் பேசப்படுகிறது.

இந்த எண்ணை நாம் ஒவ்வொரு முறையும் யோசித்து இடவேண்டியதில்லை. 'ஆட்டோ இன்கிரிமென்ட்' என்று ஒரு வசதி இருக்கிறது. கடைசியாகக் கொடுத்த எண்ணைக் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த வரிசைக்கு அதற்கு அடுத்த எண்ணைத் தானே கொடுத்துவிடும். வங்கியில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 52ஆம் டோக்கனைக் கிழித்தவர் காத்திருக்கப் பொறுமையின்றி வீட்டுக்குப் போய்விட்டால், 53ஆம் டோக்கன் வைத்திருப்பவரை அழைத்து "நீங்கள் இனி 52" என்று யாரும் சொல்வதில்லை. அவ்வளவுதான் செய்தி.

ஆகவே வரிசைகள் அழிக்கப்படும்போது எண்களில் இடைவெளி விழும். அழிக்காமலும் விழும். ஒரு பதிவு பாதியில் தோல்வியுற்றுத் திரும்பப் பெறப்பட்டாலும், அதற்கென எடுத்த எண் பெரும்பாலும் திரும்பி வராது. அதற்குள் வேறொருவர் அடுத்த எண்ணை வாங்கிக்கொண்டு போயிருப்பார். எல்லாரையும் வரிசையில் நிறுத்திவைத்து, முன்னவர் வேலை முடிந்ததா என்று பார்த்துப் பார்த்து எண் கொடுத்தால், ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து நிற்கும் இடத்தில் வேலை நடக்குமா? எனவே இடைவெளி என்பது பிழையன்று, அது இயல்பு.

ஆயினும் புதிதாகக் கற்பவனுக்கு இந்த இடைவெளி கண்ணில் விழுந்த தூசிபோல் உறுத்தும். 1, 2, 4, 5, 8 என்று பார்த்ததும், உடனே எல்லாவற்றையும் 1, 2, 3, 4, 5 என்று ஒழுங்குபடுத்தி, எண்ணும் கருவியையும் பின்னுக்குத் திருப்பிவிட வேண்டும் என்று கை பரபரக்கும். அதற்குக் கட்டளைகளும் இருக்கின்றன. மை எஸ்.க்யூ.எல்.லில் 'ஆல்டர் டேபிள்' என்று தொடங்கி ஒரே வரியில் அடுத்த எண்ணை மாற்றலாம். 'டெலீட்' என்றால் வரிசைகள் மட்டும் போகும், எண்ணிக்கை நினைவு போகாது. 'ட்ரங்கேட்' என்றால் வரிசைகளும் போகும், நினைவும் போகும். மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். போஸ்ட்கிரஸ், எஸ்.க்யூ.எல். சர்வர் ஆகியவற்றிலும் இதற்கு நிகரான வழிகள் உண்டு.

முடியும் என்பது வேறு; செய்யலாம் என்பது வேறு. இந்த வேற்றுமையை நான் ஏட்டில் படித்து அறியவில்லை. ஒரு கிழவியிடம் அறிந்தேன்.

நாற்பத்தேழாம் எண்

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. எங்கள் ஊரில் தனியார் ஒருவர் நடத்தும் பால் கொள்முதல் நிலையத்தில், அதுவரை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவந்த கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றித் தருமாறு என்னைக் கேட்டார்கள். படித்த பையன் என்ற பெருமிதத்தோடு ஒப்புக்கொண்டேன். பால் ஊற்றுவோர் பட்டியல் ஒன்று, நாள்தோறும் ஊற்றும் பாலின் கணக்கு ஒன்று என இரண்டு அட்டவணைகள் செய்தேன். ஒவ்வொருவர் கையிலும் ஒரு மஞ்சள் அட்டை. அட்டையில் ஓர் எண். அந்த எண்ணைச் சொல்லிப் பாலை ஊற்றுவார்கள். அளப்பவர் எண்ணைத் தட்டுவார், லிட்டரைத் தட்டுவார். அடுத்த ஆள்!

எண்கள் 83 வரை இருந்தன. ஆட்கள் 61 பேர்தான். மாட்டை விற்றவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், காலமானவர்கள் என 22 எண்கள் விடுபட்டிருந்தன. பட்டியலை அச்சடித்துக் கொடுத்தேன். உரிமையாளர் பார்த்துவிட்டு, "என்னப்பா தம்பி, சொத்தைப் பல்லு கணக்கா அங்கங்க காணோமே!" என்றார். எனக்கு மானம் போனதுபோல் இருந்தது. அன்றிரவே உட்கார்ந்து 61 பேருக்கும் ஒன்று முதல் அறுபத்தொன்று வரை புது எண் கொடுத்தேன். அடுத்து வருபவருக்கு 62 என்று கருவியைத் திருப்பி வைத்தேன். பட்டியல் பளிங்குபோல் இருந்தது.

மறுநாள் காலை, 61க்கு மேற்பட்ட பழைய எண் வைத்திருந்தவர்கள் வந்தபோது, அப்படி ஓர் எண் இல்லையென்று கணிப்பொறி மறுத்தது. நான் பட்டியலைப் பார்த்து அவர்கள் அட்டையில் புது எண்ணை எழுதிக் கொடுத்தேன். 63ஆம் எண்காரருக்கு 47 என்று எழுதியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிழையெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது!

நடுவில் இருந்தவர்களைப் பற்றி நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. பழைய 47ஆம் எண்ணுக்கு உரியவர் கணவரை இழந்த ஒரு மூதாட்டி. அவருடைய புது எண் 36. அது அவருக்குத் தெரியாது. அவர் வழக்கம்போல் "நாப்பத்தேழு" என்றார். 47 என்று ஓர் எண் இருந்ததால் கணிப்பொறி மறுக்கவில்லை, மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. அவர் பால் முழுவதும் பழைய 63ஆம் எண்காரர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஒரே ஆள் இரண்டு பாத்திரங்களில் கொண்டுவருவதும் உண்டு என்பதால், 47 என்று இருமுறை பதிவானதை யாரும் ஐயுறவில்லை. அதேபோல் பழைய 36ஆம் எண்காரர் ஊற்றிய அரை லிட்டர்ப் பால் மூதாட்டியின் கணக்கில் விழுந்தது. இப்படி ஊர் முழுக்க ஒருவர் பால் மற்றொருவர் கணக்கில்!

பத்து நாள் கழித்துப் பட்டுவாடா. இரண்டு மாட்டுப் பாலை ஊற்றியவர் கையில் அரை லிட்டர்க்காரரின் பணம் வைக்கப்பட்டது. நான் மொத்தக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு பைசா பிசகவில்லை! வாங்கிய பாலும் கொடுத்த பணமும் கச்சிதமாகப் பொருந்தின. "கணக்கு சரியாகத்தானே ஆயா இருக்கு?" என்றேன்.

அவர் மடியிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். "தம்பி, எனக்குப் படிக்கத் தெரியாது. இந்த நாலையும் ஏழையும் மட்டுந்தான் எனக்கு அடையாளம் தெரியும். இதுதான் நானுன்னு சொல்லிக் குடுத்தாங்க. தவிட்டுக் கடைக்கு இன்னிக்குப் பணம் கட்டணும்" என்றார். பிறகு கொட்டகைப் பக்கம் கையைக் காட்டி, "மாட்டுக்குக் காதுல தோடு மாட்டிட்டுப் போனாங்களே, அந்த நம்பரை யாராவது மாத்துறாங்களா? மாட்டு நம்பர் அப்படியே இருக்கு, என் நம்பரு மட்டும் எப்படி மாறுச்சு?" என்று கேட்டார்.

கால்நடைகளின் காதில் மாட்டும் அந்த மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு ஓர் எண். அந்த மாடு விற்கப்பட்டாலும் அதே எண்தான். அந்த எண்ணை வைத்துத்தான் தடுப்பூசியும் சினை ஊசியும் பதிவாகின்றன. அந்த முறையை வகுத்தவர்களுக்கு இருந்த அறிவு, முதல் வகுப்பில் தேறிய எனக்கு இல்லாமல் போயிற்று!

அளப்பவர் தம் பழக்கத்தால் துண்டுத்தாளில் பெயரும் லிட்டரும் குறித்துவைத்திருந்தார். அது மட்டும் இல்லாதிருந்தால் என் செய்திருப்பேனோ! இரண்டு இரவுகள் உட்கார்ந்து பழைய எண்களை மீட்டேன். உரிமையாளர் கைப்பணம் போட்டு மூதாட்டியின் பாக்கியைத் தீர்த்தார். நான் கற்ற பாடம் இது: எண்ணை மாற்றுவதால் வரும் கேடு பெரும்பாலும் பிழைச் செய்தியாக வராது, சரியான விடைபோல வேடமிட்டு வரும். மறுக்கும் கணிப்பொறியால் தொல்லை குறைவு. தவறான ஆளை முகமலர்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும் கணிப்பொறிதான் ஆபத்தானது. நம் ஏட்டில் உள்ள எண்ணை நாம் மாற்றலாம். பிறர் கையில் உள்ள அட்டையை, பிறர் நெஞ்சில் உள்ள நினைவை மாற்ற நம்மால் ஆகுமா?

தமிழ்த்தாத்தா காட்டிய வழி

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. தமிழ் பயிலும் நண்பர்கள் புறநானூற்றைப் புரட்டிப் பாருங்கள். 266ஆம் பாட்டு இருக்கும். அடுத்து வருவது 269ஆம் பாட்டு. 267, 268 ஆகிய இரண்டும் கிடைக்கவில்லை. 1894ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைத்த பாடல்களை நெருக்கி அடுக்கி, "புறம் 398 பாட்டு" என்று முடித்திருக்கலாம். நூலின் பெயரிலேயே நானூறு இருப்பதால் அது பொருந்தாது என்பது ஒருபுறம் இருக்கட்டும். இழந்ததை இழந்தது என்று காட்டுவதே நேர்மை என்பதே பெரிது. நற்றிணையில் 234ஆம் பாட்டு இல்லை. ஐங்குறுநூற்றில் 129, 130 இல்லை. பதிற்றுப்பத்திலோ முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. ஆயினும் கிடைத்தவற்றுள் முதலில் நிற்பதை 'முதற்பத்து' என்று யாரும் அழைப்பதில்லை. 'இரண்டாம் பத்து' என்றே அழைக்கிறோம்.

எண்களை நெருக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பொன்முடியார் பாடிய 312ஆம் புறப்பாட்டு 310 ஆகியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், இப்போதுள்ள 310ஆம் பாட்டும் பொன்முடியார் பாடியதே! பழைய உரைநூலில் "புறம் 310" என்று கண்டவர் புதிய பதிப்பைத் திறந்து பார்த்தால், புலவர் பெயர் பொருந்தும். திணை ஆராயாதவருக்குத் தவறு கண்ணுக்கே புலப்படாது. நாற்பத்தேழாம் எண் மூதாட்டியின் கதையேதான்! அத்தகைய குழப்பம் நம் இலக்கியத்தில் நிகழாமல் காத்தவர்கள், கணிப்பொறி காணாத நம் பதிப்பாசிரியர்கள். அந்த வெற்றிடங்கள் இன்னொன்றும் செய்கின்றன. என்றேனும் ஒரு சுவடியில் 267ஆம் பாட்டு கிடைக்குமானால், அது வந்து அமர இடம் காலியாகக் காத்திருக்கிறது.

சட்டம் சொல்லும் சான்று

அடுத்து நம் அரசியலமைப்பைப் பார்ப்போம். சொத்துரிமை பற்றிய 31ஆம் உறுப்பு, 44ஆவது திருத்தத்தின் வழியே 1979 ஜூன் மாதத்தில் நீக்கப்பட்டது. அதற்காக 32ஆம் உறுப்பு 31 ஆகிவிடவில்லை. 31 என்ற எண் 'நீக்கப்பட்டது' என்ற குறிப்போடு வெறுமையாக நிற்கிறது. கல்வி பெறும் உரிமையைச் சேர்க்க வேண்டியிருந்தபோது, 2002ஆம் ஆண்டு 86ஆவது திருத்தம் அதை 21-ஏ என்று நுழைத்தது. 22ஐத் தள்ளி 23 ஆக்கவில்லை. எத்தனை தீர்ப்புகளில், எத்தனை நூல்களில் அந்த எண்கள் ஏறியிருக்கின்றன! அவற்றையெல்லாம் யார் திருத்துவது?

ஆனால் இந்தச் சான்றிலேயே மறுபக்கமும் இருக்கிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் இதயமும் ஆன்மாவும் என்று அண்ணல் அம்பேத்கர் குறிப்பிட்ட உறுப்பு, அன்றைய வரைவில் 25 என்ற எண்ணைத் தாங்கியிருந்தது. அதுவே இன்றைய 32. வரைவாக இருக்கும்வரை எண்ணை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்தபின் மாற்றலாகாது. கணிப்பொறிக்காரர்களும் இதையேதான் செய்ய வேண்டும்.

எண்களை முற்றிலும் புதிதாக அடுக்கினால் என்ன நேரும் என்பதற்கு அண்மைக் காலச் சான்றும் உண்டு. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள் இருந்தன. அதன் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதில் 358 பிரிவுகளே. மோசடிக்குரிய 420ஆம் பிரிவு, நம் மக்கள் வாயில் வசைச்சொல்லாகவே வாழ்ந்த எண். 1955இல் 'ஸ்ரீ 420' என்று இந்தியில் ஒரு திரைப்படமே வந்தது! இன்று புதிய சட்டத்தில் 420 என்ற பிரிவே இல்லை. அந்தக் குற்றம் 318ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவுக்குப் போய்விட்டது. 420 இல்லாமற்போனதால் குழப்பம் குறைவு. தேடுபவர் 'இல்லை' என்று அறிந்து திரும்புவார். 302ஐப் பாருங்கள். பழைய சட்டத்தில் அது கொலைக்குரிய தண்டனை. புதிய சட்டத்திலும் 302 இருக்கிறது. ஆனால் அது பிறர் மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கோடு பேசுவது பற்றியது! கொலைக்கான தண்டனை 103இல் இருக்கிறது. 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்துவதால், ஒரே நீதிமன்றத்தில் இரு 302கள் உலவுகின்றன. சட்டத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் விளங்கும். புதுச் சட்டம் நல்லதா கெட்டதா என்பது என் வாதமன்று. எண் மாறினால், மாறிய நாள்முதல் இரு பட்டியல்களையும் ஒப்புநோக்கும் சுமை எல்லார் தலையிலும் ஏறுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

நம் பக்கத்து உழவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நிலப் பத்திரங்களில் 'பழைய சர்வே எண், புதிய சர்வே எண்' என்று இரண்டையும் எழுத வேண்டியிருப்பது ஏன்? மறுஅளவையில் எண் மாறியதால்தான். அதே நிலம் பாகப்பிரிவினையால் பிரியும்போது 125 என்பது 125/1, 125/2 என்று கிளைக்கிறது. பக்கத்து நிலமான 126க்கு எந்தத் தொல்லையும் இல்லை. ஆத்தூர்ச் சாலையில் நின்று வண்டிகளைப் பாருங்கள். நம் பெரம்பலூருக்கு 46, அரியலூருக்கு 61. 2007ஆம் ஆண்டு அரியலூர் தனி மாவட்டமானதற்காக, அதற்குமுன் 46 பெற்று அங்கே ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை நிறுத்திப் பலகையை மாற்றச் சொல்லவில்லை.

எப்போது மாற்றலாம்?

"அப்படியானால் அந்தக் கட்டளைகள் ஏன் இருக்கின்றன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் ஒப்புக்கொள்ளும் இடங்கள் சில உண்டு.

முதலாவது, சோதனைப் பருவம். நிரலை எழுதும்போது 'அஅஅ', 'ஆஆஆ' என்று பொய்ப் பெயர்களை இட்டு வைத்திருப்போம். உண்மையான வேலை தொடங்குமுன் அவற்றைத் துடைத்து ஒன்றிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. அது வரைவு.

இரண்டாவது, முன்னோக்கித் திருப்புவது. பழைய தரவுகளை அவற்றின் எண்களோடு புதிய தரவுத்தளத்தில் ஏற்றும்போது, எண்ணும் கருவி அதை அறியாமல் ஒன்றிலேயே நின்றுவிடுவதுண்டு. அடுத்த பதிவை இடும்போது, ஏற்கெனவே உள்ள எண் என்று மோதும். அப்போது இருப்பவற்றுள் பெரிய எண்ணுக்கு அடுத்ததாகக் கருவியை நகர்த்த வேண்டும், நகர்த்தியே ஆகவேண்டும். முன்னே தள்ளுவதால் யாருடைய எண்ணும் பறிபோவதில்லை.

மூன்றாவது, ஆண்டோடு சேர்ந்த எண். சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவண எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆனால் ஆண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். எண்ணும் ஆண்டும் அலுவலகமும் இணைந்ததே அங்குத் திறவுகோல். ஆண்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் திருப்பினால் வில்லங்கந்தான்!

வணிகவியல் நண்பர்கள் மற்றொன்று சொல்லலாம்: "பற்றுச்சீட்டில் எண் விடுபட்டால் தணிக்கையில் கேட்பார்களே?" உண்மை. 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரி விதிகளும், விற்பனைச் சீட்டின் எண் தொடர்ச்சியாகவும் நிதியாண்டுக்குள் மீண்டும் வாராததாகவும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அது வேறு எண். சீட்டு எண்ணுக்குத் தனிப் பத்தி வையுங்கள். அதற்குரிய ஒழுங்கை அங்கே காப்பாற்றுங்கள். ரத்தான சீட்டைக்கூட அழிக்காமல் 'ரத்து' என்று எழுதி வையுங்கள். திறவுகோலின் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். அச்சிடும் பட்டியலில் 1, 2, 3 என்று வரிசை வேண்டுமென்றால், அச்சிடும் பொழுதில் எண்ணிப் போட்டுக்கொள்ளலாம். நம் தேர்வுப் பதிவு எண் வேறு, ஒரு பட்டியலில் நாம் நிற்கும் வரிசை எண் வேறு அல்லவா? எண்ணிக்கை தெரியவேண்டுமானால் எண்ணுங்கள். கடைசி எண்ணைப் பார்த்து இத்தனை பேர் என்று கணிப்பவன், வீட்டுக் கதவு இலக்கத்தைப் பார்த்துக் குடும்பத்தில் எத்தனை பேர் என்று சொல்பவனுக்கு ஒப்பாவான்.

"எண்கள் தீர்ந்துபோகுமே" என்று அஞ்சுவோரும் உளர். சாதாரண முழுஎண் பத்தியில் 2,147,483,647 வரை இடமுண்டு. நாள்தோறும் ஆயிரம் வரிசைகள் சேர்ந்தாலும் தீர்வதற்கு 5,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! மாபெரும் நிறுவனங்களுக்கு அந்த எல்லை வந்ததுண்டு. 2018 நவம்பரில் அமெரிக்காவின் பேஸ்கேம்ப் என்னும் நிறுவனம் அந்த எண்ணை எட்டி, சில மணி நேரம் புதிதாக எதையும் பதிய முடியாமல் நின்றது. அவர்களும் எண்ணைத் திருப்பவில்லை, பத்தியை அகலப்படுத்தினார்கள். இடம் போதாவிட்டால் வீட்டைப் பெரிதாக்கு, இருப்பவரை வெளியேற்றாதே!

இதில் கருவியைச் செய்தவர்களே தவறிய கதையும் உண்டு. மை எஸ்.க்யூ.எல்.லின் 'இன்னோ டி.பி.' என்னும் பகுதி, நெடுங்காலம் அடுத்த எண்ணைத் தற்காலிக நினைவில் மட்டுமே வைத்திருந்தது. கடைசி வரிசையான 100ஐ அழித்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கினால், அது இருப்பவற்றுள் பெரிய எண்ணைப் பார்த்து மீண்டும் 100 என்ற எண்ணையே வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இது குறையென்று 2003ஆம் ஆண்டே முறையிடப்பட்டது. 2018இல் வெளிவந்த எட்டாம் பதிப்பில்தான் தீர்ந்தது. கொடுத்த எண்ணை நினைவில் வைத்திருப்பது எவ்வளவு பெரிய கடமை என்பதை இதனினும் தெளிவாக எது உணர்த்தும்?

முடிவாக...

நண்பர்களே! நம்மில் பலர் நாளை அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மருத்துவமனைகளிலும் பட்டியல்களைக் கையாளப் போகிறோம். குடும்ப அட்டையும் ஓய்வூதியமும் நோயாளிச் சீட்டும் நம் விரல்நுனியில் எண்களாக நிற்கும். அவை நமக்கு வெறும் எண்கள்; வாசலில் நிற்பவருக்கு அவையே பெயர். எழுத்தறியாதவருக்கு அதுவே கையெழுத்து. பட்டியலின் அழகுக்காக அதைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை.

மறுநாள் காலை எங்கள் வகுப்பில் ஆசிரியர் மீண்டும் அழைப்பார்: "பதினேழு, பதினெட்டு..." அரை நொடி மௌனம். "இருபது." அந்த மௌனத்தில் ஒருவன் இருக்கிறான். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது என்னைப் பார்த்து, "என் நம்பரை யாருக்காவது குடுத்துட்டாங்களாடா?" என்று கேட்டான்.

"இல்லடா, அப்படியேதான் இருக்கு" என்றேன்.

அவன் முகத்தில் தெரிந்த மலர்ச்சியை எந்த ஒழுங்கான பட்டியலுக்கும் நான் ஈடாகக் கொடுக்க மாட்டேன்.